தழும்பில்லாத டாக்டருக்கு

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போன் செய்தால், "வாலு, பேஷண்ட் உக்காந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

போன வருஷம் அங்கே வந்திருந்தபோது என் வலது தோள்பட்டை எலும்பின் மேலிருந்து ஒரு கட்டியை எடுத்தாயே, அது அதே இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. கையைத் தூக்கினால் உள்ளே நெறுநெறுவென்று சத்தம் கேட்கிறது. நேற்று பார்லரில் ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் உச்சந்தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனதும், "கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போடக் கூடாதாம்மா?" என்றார். கத்திரிக்கோல் புதுசு, அண்ணா. சத்தம் வந்தது என் முதுகிலிருந்து.

நாள் பூராவும் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பதுதான் என் பிழைப்பு. இப்போது ஹேர் டிரையரை நாலு நிமிஷம் பிடித்தால் தோள் கடுக்கிறது. பக்கத்துத் தெரு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். வீட்டிலேயே ஒரு பெரிய டாக்டரை வைத்துக்கொண்டு வெளியே போவானேன் என்று உன்னைக் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அன்புத் தங்கை,
வாலு


ஜனவரி 21

அன்பு வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் முன்னைவிட வேகமாக ஓடுகிறது.

வீணாகப் பயப்படாதே. அது வெறும் கொழுப்புக் கட்டி. உனக்குக் கொழுப்பு எப்போதும் கொஞ்சம் அதிகம்தானே! சில பேருக்குத் திரும்ப வரும். பரிசோதனை ரிப்போர்ட்டிலும் கொழுப்பு என்றுதான் வந்தது. எக்ஸ்ரேயெல்லாம் எதற்கு? பக்கத்துத் தெருக்காரர் காசு பார்க்கிறார். கோடையில் இங்கே வா, திரும்பவும் எடுத்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. என்னைத் தழும்பில்லாத டாக்டர் என்று இந்த ஊரே சொல்வது சும்மாவா? போன தடவை போட்ட கோடு ரவிக்கைக்குள் மறைந்துவிட்டதா இல்லையா?

நெறுநெறு சத்தம் தசைப்பிடிப்பாக இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் எல்லோரின் நலமும் அறிய ஆவல். நலம் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். நலமில்லை.

உன் பேச்சைக் கேட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் சீப்பு கையிலிருந்து நழுவி ஒரு கல்யாணப்பெண்ணின் மடியில் விழுந்தது. வீட்டுக்காரர் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை, என்னைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வைத்துவிட்டார். தோள்பட்டை எலும்பில் சோளப்பொரியை இறைத்தது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். படத்தைத் தூக்கிப் பிடித்த டாக்டர் அதற்கப்புறம் என்னிடம் சிரித்துப் பேசவில்லை.

இப்போது எலும்புக் கட்டிகளுக்கென்றே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கூடத்தில் விடிந்ததிலிருந்து வரிசை. மின்விசிறி சுற்றுகிறதே ஒழியக் காற்றில்லை. தோள்பட்டை எலும்பில் இப்படிக் கட்டி வருவதே அபூர்வமாம். "வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பாத்தா அதிகம்" என்றார் அங்கிருக்கும் டாக்டரம்மா. கண்டிப்பானவர், ஆனால் எதைக் கேட்டாலும் உட்காரவைத்துச் சொல்கிறார். ஊசி போட்டு உள்ளிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். ஊசி குத்த வேண்டிய இடத்தை முதலிலேயே மையால் புள்ளி வைத்துக்கொண்டார்கள். பின்னால் ஆபரேஷன் செய்கிற கோட்டிலேயே ஊசியும் போக வேண்டுமாம். ஊசி போன வழியையும் சேர்த்து எடுத்துவிட வேண்டுமாம். ஒரு ஊசிக்கே இவ்வளவு யோசிக்கிறார்கள்.

போன வருஷம் எடுத்த கட்டியின் ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள். லேப்பில் அந்தச் சதையை மெழுகில் வைத்திருப்பார்களாம், அதையும் வாங்கி வரச் சொல்கிறார்கள். உடனே அனுப்பு.

உன் தங்கை,
வாலு


பிப்ரவரி 26

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ இருப்பது நல்ல இடம். அந்த டாக்டரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், கைராசிக்காரர். முதலில் ரிசல்ட் வரட்டும். அபூர்வமான கட்டி என்றால் ஆபத்தான கட்டி என்று அர்த்தமில்லை.

ரிப்போர்ட் விஷயமாக லேப்பில் சொல்லியிருக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. பிரஷர் ஏற்கெனவே ஏறிக்கிடக்கிறது. நீ ஏன் பேசவில்லை என்று கேட்டாள், கல்யாண சீசன், பார்லரில் கூட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தழும்பைப் பார்த்து டாக்டரம்மா ஏதாவது சொன்னாரா?

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

சௌக்கியம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் சௌக்கியமாக இருங்கள்.

ரிசல்ட் வந்துவிட்டது. குருத்தெலும்பிலிருந்து கிளம்புகிற புற்றுநோய். மெதுவாக வளரும் வகை, நெஞ்சு ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. அந்த மட்டில் தப்பித்தேன். மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் இது அவ்வளவாக மசியாதாம். வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதுவும் கட்டியைத் தொடாமல், சுற்றி நல்ல சதையோடு முழுசாக எடுக்க வேண்டும். கீறி, சுரண்டி, துண்டு துண்டாக எடுத்தால் போகிற வழியெல்லாம் விதைத்த மாதிரி ஆகிவிடுமாம்.

தழும்பைப் பார்த்து ஏதாவது சொன்னாரா என்று கேட்டாய். சொன்னார். சட்டையை விலக்கிப் பார்த்ததும், "யாரு இதை வெட்டினது? படம் எடுக்காம எலும்பு மேல இருக்கிற கட்டில கத்தி வைக்கலாமா?" என்று அந்த அறையே அதிரக் கேட்டார். கூட நின்ற சின்ன டாக்டர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். உன் அழகான கோடு அவர்கள் வெட்ட வேண்டிய கோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறதாம்.

இப்போது எல்லாம் உன் ரிப்போர்ட்டில் நிற்கிறது, கவனமாகப் படி. நீ எடுத்தது நிஜமாகவே கொழுப்பு என்றால், அது வேறு, இது வேறு. எலும்பின் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்தால் போதும், மேலே இருக்கும் தசையை விட்டுவிடலாம், நான் கையைத் தூக்கலாம், முடி வெட்டலாம். நீ எடுத்ததே இந்தக் கட்டிதான் என்றால், உன் தழும்பு, அதற்கடியில் நீ கை வைத்த தசை, எல்லாவற்றையும் சேர்த்து அள்ள வேண்டும். விரல் அசையும், முழங்கை மடங்கும், ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பாது.

தழும்பிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. சிக்கவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல முடியாதாம். எதற்கும் இருக்கட்டுமென்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "முதல்ல எடுத்தது கொழுப்புன்னு ஒரு டாக்டர் சொல்றார். அப்படியிருக்க உங்க கையை வீணாக்க எங்களுக்கு என்ன உரிமை?" என்றார்.

அந்த ஒரு டாக்டர் நீ. ரிப்போர்ட்டை அனுப்பு.

தங்கை


மார்ச் 22

அன்புள்ள வாலு,

இங்கே அம்மா சுகம். உனக்காக நான் வேண்டாத நாளில்லை.

லேப் இடம் மாறியிருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளையும் சதைகளையும் அப்போது கழித்துவிட்டார்களாம். என்ன செய்ய, எல்லா இடத்திலும் இந்த அலட்சியம்தான். ஆனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது கொழுப்புதான். நான் சொன்னதாக அந்த அம்மாவிடம் சொல், போதும்.

இன்னொன்று. என் பெயர் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டாம். வெளியூரில் ஒரு டாக்டர் என்று போடச் சொல். டாக்டர்களுக்குள் பேச்சு வேகமாகப் பரவும். எப்படியும் உனக்கு இதில் எந்த வித்தியாசமும் இல்லை.

நேற்று அம்மா பக்கத்து வீட்டம்மாவிடம், "எங்களுக்கென்ன கவலை, வீட்டிலேயே டாக்டர் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன்


மார்ச் 31

டாக்டர் அவர்களுக்கு,

லேப் இடம் மாறவில்லை. போன் நம்பர்கூட மாறவில்லை. போனை எடுத்தது ஒரு பெண். பாவம், பொறுமையாகப் போன வருஷத்துப் பதிவு முழுக்கத் தேடினாள். "அந்த டாக்டர்கிட்டேருந்து எங்களுக்குச் சதை எதுவுமே வர்றதில்லையே மேடம், ரத்தம் மட்டும்தான் வரும்" என்றாள். எதுவுமே! என்னுடையது மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

யார் காதில் பூ சுற்றுகிறாய்? லேப்காரர்களின் அலட்சியம் என்று எழுத எப்படி மனசு வந்தது? எனக்கு வித்தியாசம் இல்லையா? என் கை, அண்ணா. உன் கையில்லை, என் கை.

இரண்டு நாளாக அந்த அறையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். குப்புறப் படுத்திருந்தேன், மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தாய், ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. நீ உன் காரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாய். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்றாய். என்னிடம் சொல்லவில்லை, உனக்கே சொல்லிக்கொண்டாய். அப்புறம் சுரண்டினாய். அப்புறம் எதையோ எஃகுத் தட்டில் போட்டாய். டொக் என்று விழுந்தது.

நான் டாக்டரில்லை, முடி வெட்டுகிறவள். ஆனால் கொழுப்பு டொக்கென்று விழாது என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 18 அன்று ஆபரேஷன். சப்பைக்கட்டு வேண்டாம், பூசி மெழுகல் வேண்டாம். பரிசோதனைக்கு அனுப்பினாயா இல்லையா, கெட்டியாக இருந்ததா இல்லையா, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. போனும் செய்துவிட்டேன். "கிளினிக்ல இருக்காரு" என்று அண்ணி சொல்லும்போது பின்னால் உன் இருமல் கேட்டது.

நோயாளி


ஏப்ரல் 17

அண்ணா,

வார்டிலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தொடை எலும்பில் கட்டி. அவர் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறார், எனக்குத் தெரியாத சொல்லையெல்லாம் என்னிடம் கேட்கிறார்.

உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தபால்காரரைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்காரருக்குக் கழுத்து வலி. வேனை எடுத்துக்கொண்டு உன் கிளினிக் வாசலில் வந்து நிற்கிறேன் என்று குதித்தார். நான்தான் தடுத்தேன். உன்னைக் காப்பாற்றவில்லை. அம்மா அங்கே இருக்கிறாள்.

இன்று காலை டாக்டரம்மா கடைசியாக வந்து உட்கார்ந்தார். "முதல் கட்டியைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். நான் தட்டில் விழுந்த சத்தத்தைச் சொன்னேன். லேப் பெண் சொன்னதைச் சொன்னேன். "அந்த டாக்டர் என் கூடப் பிறந்த அண்ணன். அவன் பொய் சொல்றான்னு வெச்சுக்கிட்டு வெட்டுங்க" என்றேன்.

"கை எழும்பாதும்மா, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். சம்மதப் படிவத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டேன். குளியலறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி ஒரு தடவை கொண்டை போட்டேன். நன்றாகத்தான் வந்தது. அவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

இந்த முடிவை நீ எடுத்திருக்க வேண்டும். என்னை எடுக்க வைத்துவிட்டாய்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள வாலுவுக்கு,

பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எடுத்ததை அப்படியே பக்கெட்டில் போட்டேன். கெட்டியாக இருந்தது உண்மை. உள்ளே எலும்போடு ஒட்டியிருந்ததைச் சுரண்டினேன். கொழுப்பு என்று சொன்னது என் ஊகம்தான். இதை உன் டாக்டரிடம் காட்டு.

எழுத வேறொன்றும் தெரியவில்லை.

அண்ணன்


மே 24

அண்ணாவுக்கு,

பிழைத்துக் கிடக்கிறேன். தையல் பிரித்தாயிற்று. கை தொட்டில் கட்டி மார்போடு கிடக்கிறது, கீழே தலையணை வைத்துத்தான் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது, ஆபரேஷன் முடிந்து பல நாள் கழித்து. தபால்காரரைத் திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உறையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே மேலே ஏப்ரல் 14 என்று நீ எழுதியிருக்கிறாய். உறையின் மேல் முத்திரை 19. எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறாய்! நான் மேசையில் கிடந்து எழுந்ததற்கு மறுநாள் பெட்டியில் போட்டிருக்கிறாய். உண்மையும் சொன்னதாகிவிட வேண்டும், அது யாருக்கும் பயன்படவும் கூடாது. இதற்கு நீ எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதாதவனைக் கோழை என்று விட்டிருப்பேன். இதை என்னவென்று சொல்வது?

எடுத்ததையெல்லாம் சோதித்துவிட்டார்கள். உன் தழும்புக்கு அடியில், தசைக்குள், அந்தக் கட்டியின் துகள்கள் இருந்தன. உன் பேச்சை நம்பி அதை விட்டுவைத்திருந்தால் இன்னொரு வருஷத்தில் எனக்குக் கை மட்டும் போயிருக்காது. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம் என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா என் தலையில் கை வைத்து, "நல்ல காது உங்களுக்கு" என்றார். வீட்டுக்காரர் வெளியே போய் அழுதார்.

இரண்டாவது நாள் அண்ணியிடம் போனைக் கொடுத்துப் பேச வைத்தாயாம். "தழும்பு பெருசா இருக்கான்னு கேக்கச் சொன்னாரு" என்றாள். தழும்பா கேட்கிறாய்? கழுத்தடியிலிருந்து அக்குள் வரைக்கும் இருக்கிறது. எந்த ரவிக்கையிலும் மறையாது. மறைக்கவும் போவதில்லை.

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம், அதை நீயே வைத்துக்கொள். இரண்டு காரியம் செய். ஒன்று, அம்மாவிடம் நீயே சொல். நான் வழுக்கி விழுந்தேன் என்று ஒரு கதை தயார் செய்திருப்பாய், அதெல்லாம் நடக்காது. இரண்டு, இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் வாங்கின பாட்டில்கள், பரிசோதனைக்குச் சதை போட்டு அனுப்புகிற பாட்டில்கள். இனி உன் கத்தியில் வருகிற எதுவும், கடுகளவு என்றாலும், அதில் போக வேண்டும். இதுவரை பக்கெட்டில் போட்டவர்களையும் கூப்பிட்டுப் பார். அவர்களுக்கெல்லாம் கோபித்துக்கொள்ளத் தங்கை இல்லை.

நான் மாசாமாசம் அந்த லேப் பெண்ணுக்குப் போன் செய்வேன். சிநேகிதமாகிவிட்டாள்.

தங்கை


ஜூலை 30

வாலுவுக்கு,

கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவ கையைத் தூக்குவாளா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அண்ணியிடம் சொல்லித்தான் என்னிடம் பேசுகிறாள். அடுத்த வாரம் உன்னிடம் வருகிறாள். பெட்டியை அவளே கட்டிவிட்டாள், நான் தொடப் போனதும் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

பழைய நோயாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் வந்தார்கள், சிலர் திட்டினார்கள்.

போன மாதம் நெசவாலையில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். தோளுக்குக் கீழே மேல்கையில் கட்டி. "தழும்பில்லாம எடுப்பீங்களாமே டாக்டர், பத்து நிமிஷம்தானாமே?" என்றாள். தொட்டுப் பார்த்தேன். கெட்டி. நான் கத்தியை எடுக்கவில்லை. படம் எடுத்து உன் டாக்டரம்மாவிடம் அனுப்பிவிட்டேன். அனுப்பியது யார் என்று என் பெயரை எழுதித்தான் அனுப்பினேன்.

பாட்டில்கள் தீர்ந்துபோயின.

அண்ணன்


செப்டம்பர் 9

அண்ணாவுக்கு,

அம்மா இங்கே சுகம். முழங்கால் வலியோடு பார்லருக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் என் தழும்பைக் காட்டச் சொல்கிறாள். எனக்கு மானம் போகிறது. உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். அதை நான் சரிசெய்ய மாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

வேலைக்கு வந்துவிட்டேன். நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, முழங்கையை இடுப்பில் ஒட்டிக்கொண்டு வெட்டுகிறேன். வருகிறவர்கள் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். உயரமான கொண்டையெல்லாம் உதவிக்கு இருக்கும் பெண் போடுகிறாள். கல்யாணப்பெண்களை நான் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் உன் மேல் வருகிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

போன வாரம் ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுத்தமாக இருக்கிறது. வார்டில் டாக்டரம்மா ஒரு பெண்ணைக் காட்டினார். உன் நெசவாலைப் பெண். அவளுக்கும் என் மாதிரிக் கட்டிதானாம். யாரும் கை வைக்காமல் வந்ததால் முழுசாக எடுக்க முடிந்ததாம். என்னிடம் பேசிக்கொண்டே இருந்தவள் தலைமுடி முகத்தில் விழுகிறதென்று கையைத் தூக்கினாள். மெதுவாகத்தான், பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஆனாலும் இரண்டு கையையும் உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோய் முடியைச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தக் குறுக்கெழுத்து ஆசிரியை கூட இருந்திருந்தால் சில சொற்களை எழுதி வைத்துக்கொண்டிருப்பார்.

பாட்டில் இனி நீயே வாங்கிக்கொள். அங்கேயும் கடை இருக்கிறது.

உன் தங்கை